பிசிறு பார்த்த கன்னம்

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதுகுவலி தேவலையா? குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொள்கிறீர்களா? உங்கள் கம்பெனி சுரங்கப்பாதை தோண்டும் மலையில் போன் எடுக்காதது எனக்கு ஒரு வகையில் வசதிதான். போனில் நான் பேசினால் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை அம்மா வெறும் கையால் இறக்கினாள். மேடைவரை கொண்டுபோய் வைத்து, நிதானமாக மூடியும் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னடி, ஏதோ கருகுற வாடை?" என்றாள். கருகியது அவள் விரல்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொப்புளத்தைப் பார்க்கவில்லை. மற்ற விரல்களை ஒரு குண்டூசியால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்றாள். அவர் ஊசியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்ட பிறகும் ஒருமுறை "தெரியுது" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. என்ன வேலை என்று கேட்டார்.

கதவுக் கைப்பிடித் தொழிற்சாலையில் பாலிஷ் சக்கரம் என்று நான்தான் சொன்னேன். சுழலும் சக்கரத்தில் கைப்பிடியை அழுத்திப் பிடிக்க வேண்டும், எட்டு மணி நேரம், பதினொரு வருடம். அந்த அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாக விரல் நரம்புகளைக் கெடுத்திருக்கும் என்கிறார். இனி சக்கரத்தைத் தொடக் கூடாது என்றார், அன்றிலிருந்து அம்மா வேலைக்குப் போகவில்லை. தொழிலாளர் உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். வேலையால் வந்த கெடுதல் என்று நிரூபித்தால் வைத்தியமும், மாதாமாதம் ஈட்டுத்தொகையும், சக்கரம் இல்லாத வேறு வேலையும் கேட்கலாமாம். நிரூபிக்காவிட்டால் 'கை ஆகாதவள்' என்று வெறுமனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். விண்ணப்பம் போடலாமா? நீங்கள் சரி என்றால்தான் போடுவேன் என்கிறாள் அம்மா.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

•

ஜனவரி 30

என் வாயில்லாப் பூச்சிக்கு,

அப்பாவின் ஆசிகள். நான் நன்றாக இருக்கிறேன். முதுகும் சும்மா இருக்கிறது. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. என் கண்ணாடி உடைந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எழுதுகிறார், நான் சொல்கிறேன். கிடங்கில் சிமெண்டு மூட்டைக் கணக்குப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. அதற்குக் கண்ணாடி அவ்வளவாகத் தேவைப்படாது.

விண்ணப்பம் போடுங்கள். ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவை அடுப்புப் பக்கம் விடாதே.

ஒன்று கேட்க வேண்டும். காலையில் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் அம்மாவின் விரல் நுனி வெள்ளையாகிறதா? சுண்ணாம்பு மாதிரி? எவ்வளவு நேரத்தில் சரியாகிறது? இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருகிறாளா? சும்மாதான் கேட்கிறேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். கண்ணாடி மாற்றிவிட்டீர்களா? எழுதித் தரும் மாமாவுக்கு என் வணக்கம். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது.

நீங்கள் கேட்டதெல்லாம் அப்படியே இருக்கிறது. வெள்ளையாகிறது. கால் மணி நேரம் ஆகிறது. இரவில் எழுந்து உட்காருகிறாள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மூட்டை எண்ணுற மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள். எனக்கும் அதே ஆச்சரியம்தான்.

போன வாரம் நரம்புப் பரிசோதனைக்குப் போனோம். அப்பா, நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு திரை. பரிசோதனை செய்யும் அக்கா அம்மாவின் விரலில் இரண்டு கம்பி வளையம் மாட்டினார். மணிக்கட்டில் ஏதோ ஒட்டினார். "சுருக்குன்னு இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். மின்சாரம் விரலில் ஏறி, நரம்பு வழியாக ஓடி, மணிக்கட்டில் வந்து சேர்வதை அந்தத் திரை ஒரு கோடாகக் காட்டுகிறது. வந்து சேர்ந்தால் கோடு ஒரு குன்று மாதிரி எழும்பும்.

அம்மாவின் கோடு எழும்பவில்லை. தண்ணீரில் தூசி விழுந்த மாதிரி லேசாக நெளிந்தது, அதுவும் தாமதமாக. முழங்கையில் வைத்துப் பார்த்தபோது நன்றாக எழுந்தது. கெட்டது விரல் பக்கம்தான் என்றார்.

நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வாம்மா, உனக்கும் ஒண்ணு பார்த்துடலாம், உங்கம்மாவுக்கு வித்தியாசம் புரியும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு மலை எழுந்தது அப்பா. செங்குத்தாக, கூர்மையாக. "ஒரு நொடியில அம்பது மீட்டருக்கு மேல ஓடுது" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ஓட்டப் பந்தயத்தில் ஓடியதில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அப்படிப்பட்ட எனக்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, என்னிடம் சொல்லாமல். தையல் கடையில் காஜா எடுக்கும்போது இப்போதெல்லாம் நடுவில் நிறுத்தி விரலைப் பார்க்கிறேன். கடைக்காரம்மா, "கை ரேகை அப்புறம் பாரு, ஆர்டர் நிக்குது" என்கிறார்.

அம்மா என் மலையை ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

பதில் போடுங்கள். இருமல் வந்தால் வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் மகள்

•

ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் வேண்டும். ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. காய்ச்சலா? தபால் வண்டி வரவில்லையா?

தொழிற்சாலை பதில் கொடுத்துவிட்டது. மூன்று பக்கம். வக்கீலம்மா படித்துக் காட்டினார். முழுக்க அம்மாவைப் புகழ்ந்திருக்கிறார்கள். மூன்று வருடமாக விரல் மரத்துப்போனதாக அம்மா சொல்கிறாளே, அந்த மூன்று வருடமும் பிசிறு என்று சோதனையில் திரும்பி வந்த கைப்பிடிகள் பாலிஷ் கொட்டகையிலேயே அம்மாவுக்குத்தான் மிகக் குறைவாம். இரண்டு முறை சிறந்த தொழிலாளி என்று கோப்பை கொடுத்திருக்கிறோம், விரல் மரத்தவரால் இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். விரல் கெட்டிருந்தால் அது வேலையை நிறுத்திய பிறகு வீட்டில் ஏதோ செய்து வந்ததாக இருக்குமாம்.

"கைப்பிடில பிசிறு இருக்கான்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"கட்டைவிரலால தடவிப் பார்க்கணும். அதான் சட்டம். எங்களுக்கு அப்புறம் சோதனை மேசைல பஞ்சை உருட்டிப் பார்ப்பாங்க. பிசிறு இருந்தா பஞ்சு மாட்டும்."

"நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

அவர் மூன்று தடவை கேட்டார். அம்மா திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மேசையில் இருந்த பேனாவை எடுத்து இடது கன்னத்தில், வாய் ஓரமாக வைத்து மெதுவாக உருட்டினாள். "இப்படி" என்றாள்.

அப்பா, விரல் போனதும் அம்மா கன்னத்துக்கு வேலை கற்றுக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு கைப்பிடி. யாரும் பார்க்காதபோது, சக்கரத்தின் பக்கம் குனிந்து, ஒவ்வொன்றாக. கன்னத்தில் அந்த மெல்லிய கீறல்கள் ஏதென்று நான் கேட்டபோதெல்லாம் வெயில் என்று சொல்லியிருக்கிறாள். வெயில் ஒரு பக்கம் மட்டுமா அடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கை வைத்துப் பார்க்காமல் என் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்ப்பாளே, அதைப் பாசம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். பாசமும்தான். ஆனால் அம்மாவுக்கு வேறு வழியும் இல்லை.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"அது ஏமாத்து வேலை இல்லையா? விரலால பார்க்கணும்னுதானே சொன்னாங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இதை நேரில் பார்த்த சாட்சி ஒன்று வேண்டும் என்கிறார். கூட வேலை செய்பவர்கள் அம்மாவைக் கண்டால் தெருவின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்

•

ஏப்ரல் 25

மகளுக்கு,

நலம். அதிகம் எழுத நேரமில்லை.

வழக்கை விட்டுவிடச் சொல். ஆனையோடு மோதினால் யாருக்கு வலிக்கும்? ஈட்டுத்தொகை கேட்டவர்களை எல்லாம் எப்படி வெளியே தள்ளுகிறார்கள் என்று இங்கே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை இருக்கும்வரை வேலை செய்ய வேண்டும், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை, மலை, குன்று இதையெல்லாம் இனி எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

•

மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீங்கள் என்னிடம் இப்படிக் கோபமாக எழுதியதே இல்லை. இரண்டு நாள் ஒளித்து வைத்துவிட்டு, பிறகு அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

அம்மா கோபப்படவில்லை. "உங்கப்பாவுக்குப் பயம் வந்தா மூக்குக்கு மேல கோபம் வரும். நீ பொறந்தன்னிக்கு நர்ஸம்மாவையே திட்டினவரு" என்றாள். "எதுக்குப் பயம்?" என்று கேட்டேன். "அதைத்தான் எழுத மாட்டேங்கறாரே" என்றாள்.

ஆனால் வழக்கை விட மாட்டாளாம். கோப்பை கொடுத்ததைக் காட்டியே தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்களே என்பதுதான் அவளுக்கு ஆற்றாமை. அந்த இரண்டு கோப்பையையும் அலமாரியிலிருந்து எடுத்து ஒன்றில் உப்பும் ஒன்றில் கடுகும் போட்டு வைத்திருக்கிறாள். உங்கள் பேச்சை அவள் மீறுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அம்மா உயரமாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஜூன் பத்தாம் தேதி விசாரணை. நானும் போக வேண்டும்.

நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள் மகள்

•

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மா நன்றாக இருக்கிறாள், நானும். நீங்கள் பதில் போடாவிட்டாலும் இதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

விசாரணை பெரிய மண்டபத்தில் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு நீள மேசை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி, மூலையில் கட்டுக் கட்டாகக் காகிதம், அவ்வளவுதான். அதிகாரி ஓர் அம்மா. ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தொழிற்சாலை சார்பில் ஒரு வக்கீலும் கொட்டகை மேஸ்திரியும் வந்திருந்தார்கள். அம்மாவின் வேலை எவ்வளவு சுத்தம் என்று காட்ட மேஸ்திரி ஒரு பெட்டி நிறையக் கைப்பிடிகள் கொண்டுவந்திருந்தார்.

அதிகாரி அவரிடம், "இவங்க கன்னத்துல வச்சுப் பார்த்ததா சொல்றாங்க. நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்கம்மா. என் கண்ணுக்குத் தெரியாம கொட்டகைல ஒரு துரும்பு அசையாது. அப்படி ஒண்ணும் நடக்கலை. இந்தப் பெட்டியையே பாருங்க, எல்லாம் நம்ம முத்தக்காரி கை பட்டதுதான், ஒரு பிசிறு இருக்குமா?"

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "யாரு முத்தக்காரி?"

மேஸ்திரியின் வாய் திறந்தபடி இருந்தது. அவர்களின் வக்கீல் குடிக்கத் தண்ணீர் தேடினார்.

"இவங்களைத்தான்... கொட்டகைல எல்லாரும் அப்படிக் கூப்பிடுவாங்க. சும்மா கேலிக்கு."

"என்ன கேலி?"

"கைப்பிடிக்கு முத்தம் குடுக்குற மாதிரி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

எனக்கே அந்தப் பெயர் தெரியாது அப்பா. அம்மா யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகை முழுக்கப் பார்த்திருக்கிறது, பட்டப்பெயரும் வைத்திருக்கிறது. அம்மாவின் காது சிவந்துவிட்டது. வக்கீலம்மா மட்டும் மேசைக்கு அடியில் அம்மாவின் முழங்காலைத் தட்டினார்.

அதிகாரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு கைப்பிடியைக் கையில் கொடுத்தார். அம்மா விரலால் தடவினாள். "தெரியலைங்க. கையில இருக்குன்னுகூடக் கனத்தை வச்சுத்தான் தெரியுது." கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அம்மா எல்லோர் முன்னாலும் வைத்தாள். "இது சரியா இருக்கு" என்றாள். அடுத்தது, "இதுவும் சரி." இப்படியே பத்துப் பதினைந்து. பிறகு ஒன்றை உருட்டும்போது நின்றாள். இன்னொருமுறை உருட்டினாள். "இது என்னுது இல்லைங்க. வளைவுக்கு உள்பக்கம் ஒரு முடி அளவு இருக்கு."

மேஸ்திரி வாங்கி விரலால் தடவினார், ஒன்றுமில்லை என்றார். அதிகாரியும் தடவினார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் தன் பையிலிருந்து மருந்துப் பஞ்சை எடுத்து, கொஞ்சம் பிய்த்து உருட்டி, வளைவின் உள்ளே இழுத்தார். ஒரே ஓர் இழை மாட்டிக்கொண்டு நின்றது. மின்விசிறிக் காற்றில் அது ஆடியது. நாங்கள் ஐந்தாறு பேரும் அந்த ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு சின்ன ஒன்றின் முன்னால் பெரியவர்கள் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் நான் ஒரே கூரையின் கீழ் யாரோடு இருந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது உடம்பு சிலிர்த்தது.

அதிகாரி திடீரென்று என் பக்கம் திரும்பி, "மகளா? நீ ஏதாவது சொல்லணுமா?" என்றார். நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா கன்னத்துலதான் பார்ப்பாங்க. மூணு வருஷமா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஆனால் அவர் அதை எழுதிக்கொண்டார். நான் பேசியது ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது அப்பா.

முடிவு தபாலில் வருமாம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் மகள்

•

ஜூலை 2

தங்கச்சிக்கு,

வணக்கம். உன் அப்பாவுக்காகக் கடிதம் எழுதித் தருகிறவன் நான்தான். இங்கே முகாமில் சமையல் வேலை. இந்தக் கடிதம் அவர் சொல்லி எழுதியதில்லை. எனக்குத் தொப்பையைத் தவிர வேறு நோய் இல்லை. அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் ஜூன் மாதக் கடிதத்தை அப்பா சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஆமாம், அவரேதான் வாசித்தார். அவர் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கிடங்கிலும் இல்லை. நான்கு வருடமாக மலைக்குள் பாறை துளைக்கும் கருவியைப் பிடிக்கிறார். பேனா அவர் விரலில் நிற்பதில்லை, அதனால்தான் என்னிடம் வருகிறார். சட்டைப் பொத்தானையும் காலையில் நான்தான் போட்டுவிடுகிறேன். "என் பொண்டாட்டிகூட இவ்வளவு சேவை என்கிட்ட வாங்கலை" என்று சொன்னால் சிரிப்பார்.

பரிசோதனையைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஏப்ரலில் அவர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன். எழுதுகிறவன் தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது என்பது என் கொள்கை. அதை இன்றைக்கு உடைத்துவிட்டேன்.

பஞ்சு மாட்டிய இடத்தை வாசித்தபோது, பாறையே அசைந்தாலும் திரும்பிப் பார்க்காத ஆட்கள் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் பிறகு தனித்தனியாக என்னிடம் வந்து, அந்த வக்கீலம்மாவின் விலாசம் கேட்டார்கள். உன் அப்பா கேட்கவில்லை.

அண்ணன் முறை, சமையல்காரன்

•

ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா நலம். முடிவு வந்துவிட்டது. வேலையால் வந்த கெடுதல்தான் என்று எழுதியிருக்கிறார்கள். வைத்தியம், ஈட்டுத்தொகை, மூன்று வருடத்துக்கு முந்திய தேதியிலிருந்து. செத்த நரம்பு முழுதாகத் திரும்பாதாம். ஆனால் சக்கரம் இல்லை. சோதனை மேசையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், பஞ்சோடு. அம்மா தபாலை என்னை நான்கு தடவை வாசிக்கச் சொன்னாள். நான்காவது தடவை எழுந்து நின்று வாசித்தேன், சத்தமாக.

அப்பா, எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். அவரைத் திட்டவும் திட்டாதீர்கள். அம்மாவுக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். நீங்கள் விரல் வெள்ளையாவதைப் பற்றிக் கேட்ட கடிதம் வந்த அன்றே அடுப்படியில் போய் நின்று அழுதிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

இதோடு ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறேன். தெரிந்ததை நான் நிரப்பிவிட்டேன். மூன்று கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும். முதன்முதலில் எப்போது மரத்தது? எந்தெந்த விரல்? கையால் இப்போது செய்ய முடியாத வேலைகள் என்னென்ன? உங்கள் கையெழுத்தில் இருந்தால் நல்லது என்கிறார் வக்கீலம்மா.

பயமாக இருந்தால் என்மேல் கோபப்பட்டுக்கொள்ளுங்கள். பரவாயில்லை.

உங்கள் மகள்

•

ஆகஸ்ட் 11

என் மகளுக்கு,

நான் நலம் என்று இனிமேல் எழுத மாட்டேன்.

இது என் எழுத்துதான். கோணலாக இருக்கும். பேனா விரலில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

மரத்தது இங்கே வந்த இரண்டாவது வருடம், மழைக்கு முன்னால். வலது கையில் நாலு விரல். இடது கையில் இரண்டு.

அம்மாவிடம் சொல். அவள் அந்த அறையில் கண்ணை மூடி உட்கார்ந்ததை நான் நினைத்துப் பார்க்காத நாள் இல்லை.

மூன்றாவது கேள்விக்கு இடம் போதாது. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே சேர்த்துவிடு. காலைச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். இந்தப் பத்துப் பதினைந்து வரி முடியும்போது சாயங்காலத் தபால் வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறது.

அப்பா